முகங்கள் திரும்பாத வகுப்பு

கடலூரிலிருந்து நாள்தோறும் தொடர்வண்டியில் சிதம்பரம் சென்றுதான் முதுகலைத் தமிழ் பயின்றேன். உடன்வரும் தோழியின் அருகே சாளரத்தைப் பார்த்தபடி அமர்ந்துவிட்டால், ஆலப்பாக்கம் தொடங்கிக் கிள்ளைவரை ஓயாது பேசுவேன். வகுப்பிலோ அதே வாய் திறவாது. பல முகங்கள் ஒருங்கே என்னை நோக்கினால், தொடுத்து வைத்த சொற்கள் அறுந்து சிதறிவிடும். ஆட்டிசம் என்றார் மருத்துவர். திமிர் என்றனர் உறவினர்.

முதற்பருவத்தில் ஒவ்வொருவரும் வகுப்பின்முன் நின்று கருத்துரை வழங்க வேண்டும்; வழங்காதவர்க்கு அகமதிப்பெண் இல்லை, அஃதின்றித் தேர்ச்சியும் இல்லை. இருமுறை எழுந்து சென்றேன். இருமுறையும் ஒரு சொல்லும் வாராமல் திரும்பி அமர்ந்தேன். எஞ்சியது ஒரே வாய்ப்பு.

தோழி பேராசிரியரிடம் சென்றாள்.

"சார், இவ டிரெய்ன்ல பேசறத நீங்க கேக்கணும். எனக்குக் காதே வலிக்குது. எல்லாரும் மூஞ்சியப் பாத்தாதான் பேச்சு வராது. கடைசி பெஞ்சிலேர்ந்து பேசட்டும் சார், நாங்க திரும்பாம உக்காந்துக்கறோம்."

ஒருவர் பேசுகையில் முதுகு காட்டுவது அவமதிப்பு என்று எங்களுக்குச் சொன்னவரே அவர்தாம். சற்றே யோசித்தார்.

"அப்ப நான் எங்கம்மா உக்காரணும்?"

"முதல் பெஞ்சு, ஜன்னலோரம் சார். திரும்புனீங்கன்னா ஃபைன்!"

மறுநாள் பின்வரிசையில் நின்றேன். என் முன்னே பின்னல்களும் சட்டைக் கழுத்துகளும் மட்டுமே. சங்ககாலத்தில் வண்டிகளில் உப்பேற்றி ஊர்ஊராகச் சென்று விற்ற உமணரைப் பற்றித் தொடங்கினேன். முதற்சொல் வந்தது, பின்னர் மணலில் புதைந்த சக்கரங்களும், முறிந்தால் மாற்றக் கட்டியிருந்த சேமஅச்சும் தாமாகவே வந்தன. நேரம் கடந்தும் நான் நிறுத்தவில்லை.

"ஏண்டி, கிள்ளை தாண்டியாச்சி. சிதம்பரம் வரதுக்குள்ள முடிச்சிடு, பசிக்குது" என்றாள் தோழி, கரும்பலகையைப் பார்த்தபடி. முதுகுகள் குலுங்கின. நானும் சிரித்துவிட்டேன்.

இறுதியில் வினா. நான் பெரிதும் அஞ்சியது அதற்குத்தான். பேராசிரியர் திரும்பாமலே கேட்டார்: "உமணருங்க ஏம்மா பொண்டாட்டி புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுப் போனாங்க?"

அவருடைய பின்தலையில் சுண்ணக்கட்டித் தூள் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "திரும்பி வர ரொம்ப நாளாவும் சார். அவுங்களுக்கு வண்டிதான் வீடு."

அந்தத் தலை மெல்ல ஆடியது. பிறகு வலத்தோள் அசைந்தது. மதிப்பெண் எழுதுகிறார் என்று அறிந்துகொண்டேன்.