அடைக்கம்மாள் என்று எழுதிய படிவம்

என் மகளின் பெயரைப் பதிய எனக்குப் பதினோரு மாதம் ஆனது. பிறந்தபோது பெயர் இல்லாமல்தான் பதிந்திருந்தோம். ஒரு வருடத்துக்குள் சேர்த்துவிட்டால் அலைச்சல் இல்லை என்று பேரூராட்சி அலுவலகத்தில் சொன்னார்கள். கர்ப்பமாக இருக்கும்போதே போனில் தேடி, வெளிச்சம் என்று பொருள் வரும் ஒரு சின்னப் பெயரைக் குறித்து வைத்திருந்தேன். அதை எழுத விடாமல் ஒரு நேர்த்திக்கடன் குறுக்கே நின்றது.

மகள் எட்டாம் மாதமே பிறந்துவிட்டாள். புதுக்கோட்டையில் இருபத்திரண்டு நாள் இன்குபேட்டரில் இருந்தாள். அந்த நாட்களில் என் மாமியார், பொன்னமராவதிப் பக்கம் இருக்கும் குலசாமி அடைக்கலம் காத்த ஐயனாரிடம் போய் வேண்டிக்கொண்டிருக்கிறார். பிள்ளை பிழைத்தால் சாமிக்கே கொடுத்து, தவிட்டை விலையாகக் கொட்டித் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும், சாமி பெயரையே வைப்பதாகவும் வேண்டுதல். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

சாமி பெயர் என்றால் ஆணுக்கு அடைக்கலம், பெண்ணுக்கு அடைக்கம்மாள். அடைக்கலமாக ஒப்படைக்கப்பட்டவள் என்று பொருள். பிள்ளை தங்காத வீடுகளில் பெரும்பாலும் இந்தப் பெயர் இருக்கும். என்னோடு ஆறாம் வகுப்பில் இந்தப் பெயரில் ஒருத்தி இருந்தாள். "அடைக்கி, கதவ அடைச்சியா?" என்று தினமும் யாராவது கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். என் மகளை யாரும் அப்படிக் கேட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. பெயரை வைக்காமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்பது இன்னொரு கவலை.

பத்தாம் மாதம் கோயிலுக்குப் போனோம். பிள்ளையைச் சாமிக்கு முன்னால் தரையில் கிடத்த வேண்டும். பூசாரி, யார் பிள்ளை என்று கேட்பார். சாமி பிள்ளை என்று தாய் சொல்ல வேண்டும். காரில் வரும்போதே இரண்டு முறை சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"தாயி, இது யாரு புள்ள?" என்று பூசாரி கேட்டார்.

"ஏம்புள்ள" என்றேன்.

என் நாத்தனார், "அண்ணி இன்னும் ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்கிறாக" என்றாள். அவள் சொன்னது சரிதான். அந்த இருபத்திரண்டு நாளும் உள்ளே விடுவதற்கு முன் யார் பிள்ளை என்று கேட்பார்கள், நான் அதையேதான் சொல்வேன். பூசாரி கோபப்படவில்லை. திரும்பக் கேட்டார். இந்த முறை சரியாகச் சொன்னேன். மாமியார் மூன்று படி தவிட்டைக் கொட்டிவிட்டு, பிள்ளையை எடுத்து என் மடியில் போட்டார். "தவுட்டுக்கு வாங்கியாந்துருக்கேன், பாத்து வளத்துக்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முதலில் சொன்ன பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. வேண்டுதல் சேர்ந்ததா, இல்லையா? எம்.எஸ்சி. படித்தவள் இதைப் போய்ப் போனில் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மாமியாரிடமே கேட்டேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அதெல்லாம் சேந்துருச்சு. சர்ட்டிபிகேட்டுல ஒனக்குப் புடிச்சதப் போட்டுக்க. வீட்டுல நாங்க அடைக்கின்னு கூப்புட்டுக்கிறோம்."

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அதுவரை அவர்மேல் போட்டிருந்த பாரம் என்மேல் வந்துவிட்டதுபோல் இருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் கணவரும் உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு படிவம் வாங்கி வந்து, ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொன்றில் எழுதினேன். வெளிச்சம் என்று பொருள் வரும் பெயர் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது அவள் பிறப்பதற்கு முன்பு, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நான் நம்பியிருந்தபோது தேடியது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவளை நான் பார்க்கத்தான் முடிந்தது. காப்பாற்றியது யார் யாரோ. அதைச் சொல்லும் பெயர் இன்னொரு தாளில் இருந்தது.

அந்தத் தாளைத்தான் கொடுத்தேன். எழுத்தர் வாசித்துவிட்டு, "பழைய பேரா இருக்கே, யோசிச்சுட்டீங்களா?" என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அது நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளக்கூடிய பயம்.