மனிதக் கை படாத பெட்டி

“இனிமே நம்ம கடையில ஒரு போட்டோவக் காப்பாத்த மனுசக் கையே வேண்டாம். பெட்டி பாத்துக்கிடும்!”

தாராவி தொண்ணூறடி ரோட்டு டீக்கடையில் அரை கிளாஸ் கட்டிங் சாயை உயர்த்திப் பிடித்தபடி பேச்சிராஜா இப்படிப் பிரகடனம் செய்தார். கேட்டவர்களில் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார். வரலாற்றுத் தருணங்களுக்கு இது வழக்கம்தான்.

பேச்சிராஜா கல்யாண போட்டோகிராபர். தாராவியில் ஒரு ஸ்டுடியோ. செம்பூரில் இன்னொன்று, அதை ஆண்டுவந்தவர் மனைவி முத்துமாரி. முன்பெல்லாம் படங்களை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, டிபன் பைக்குள் வைத்து, ரயில் நெரிசலில் நசுங்கியபடி பேச்சிராஜாவே செம்பூருக்குச் சுமப்பார். இப்போது கடைக்கொரு கறுப்புப் பெட்டி. இங்கே சேமித்த படம் நெட் வழியே அங்கேயும் போய் உட்கார்ந்துகொள்ளும். டிபன் பை ஓய்வு பெற்றது.

ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவிய பேச்சிராஜா, பெட்டியின் உள்ளேயும் தூசி தட்டுவதென முடிவெடுத்தார். ‘அதான் செம்பூர்ல ஒரு காப்பி கெடக்குல்லா’ என்று முடிந்த கல்யாணங்களையெல்லாம் அழித்தார். பெட்டியின் குப்பைக்கூடையையும் காலி செய்தார். சுத்தம் என்றால் சுத்தம். பிறகு ஓடிக்கொண்டிருந்த பெட்டிக்கே சந்தனம் வைத்தார்.

மறுநாள் காலை தோல் பை வியாபாரி நாகூர் கனியின் போன்.

“தம்பி, மக ஞாயித்துக்கெழமை சார்ஜா கெளம்புறா. நிக்காஹ் ஆல்பம் என்னாச்சு?”

“ரெடியாயிரும் பாய்!” என்றவருக்குத் தைரியத்தில் குறைவில்லை. செம்பூரிலிருந்து படங்களைத் திரும்ப இழுப்பது எப்படி என்று கேட்க, பெட்டி விற்ற நஜிமுதீனை அழைத்தார்.

“அழிச்சிட்டீங்களா? அண்ணாச்சி, அது கண்ணாடி மாதிரி. இங்க மீசைய எடுத்தா அங்க மட்டும் மீச இருக்குமா? அதுவும் அழிச்சிருக்கும்.”

பேச்சிராஜாவின் கை தானாக மீசையைத் தடவியது. கேமரா கார்டுகளில் அடுத்த கல்யாணம் ஏறிவிட்டது. நாகூர் கனி மகளின் நிக்காஹ் இனி உலகில் எங்குமில்லை.

“செம்பூர்ப் பெட்டி ஓடிக்கிட்டுத்தான இருக்கு?” என்றார் நஜிமுதீன்.

அப்போதுதான் உறைத்தது. முத்துமாரிக்குப் பூஜை என்றால் பூஜை. அன்றைக்கு ஆயுதங்களுக்கு லீவு. முந்தின நாள் சாயங்காலமே பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருப்பார். விஜயதசமி காலையில்தான் திரும்ப மாட்டுவார்.

இன்றுதான் விஜயதசமி.

“இங்க அழிச்ச சேதி ஏற்கெனவே நெட்டுல காத்துக்கிட்டுக் கெடக்கு, இந்தப் பெட்டிய நிறுத்தியும் பிரயோசனமில்ல. அங்க மாட்டினா ரெண்டும் பேசிக்கிடும், எல்லாம் போயிரும். ஓடுங்க!” என்று கத்தினார் நஜிமுதீன்.

முத்துமாரியின் போனை யாரும் எடுக்கவில்லை. அதுவும் பூஜையில் குங்குமப் பொட்டோடு சைலன்ட்டில் கிடந்தது.

சயானில் ரயிலேறி, குர்லாவில் இறங்கி, ஹார்பர் லைனுக்கு மாறி, செம்பூர் கடைக்குள் பேச்சிராஜா பாய்ந்தபோது முத்துமாரி கையில் பிளக்கோடு குனிந்திருந்தார்.

“கைய எடு! மாட்டிராத!”

“என்னங்க இது, நல்ல நாளும் அதுவுமா கத்துதீங்க? பெட்டிதான் எல்லாம் பாத்துக்கிடும்னீங்க?”

பேச்சிராஜா குனிந்து பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். நெட் வயரைத் தனியே உருவி எறிந்தார். பிறகு கரண்ட் கொடுத்து, லேப்டாப்பைப் பெட்டியில் நேராகச் சொருகினார். நாகூர் கனியின் மகள் திரையில் சிரித்தார். ஒரு படமும் குறையவில்லை. பேச்சிராஜா தரையில் உட்கார்ந்து, பூஜைப் பொரியை அள்ளி அள்ளித் தின்றார்.

“மெதுவாத் தின்னுங்க. நான் வயரப் புடுங்கலேன்னா என்னாயிருக்கும்?”

“பொரி நல்லாருக்கு” என்றார் பேச்சிராஜா.

ஆல்பம் சார்ஜா போனது. பெட்டிகள் இன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் பேச்சிராஜா தனியாக வாங்கிய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் ஏற்றி, வயரைக் கழற்றி, துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்புகிறார்.

“என்ன அண்ணாச்சி, பழைய டிபன் பை வெளிய வந்துட்டு? உள்ள என்ன?” என்று டீக்கடையில் கேட்டார்கள்.

“இட்லி” என்ற பேச்சிராஜா, பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி ஸ்டேஷனை நோக்கி நடந்தார்.