கட்அவுட்டுக்குப் போன பால்குடம்

அன்னைக்கு அங்க இருந்தவங்க இவங்கதான். நான். என் வீட்டுக்காரர். அவரோட அக்கா, எனக்கு அண்ணி. ரசிகர் மன்றத் தலைவர், மீசை இன்னும் சரியா முளைக்கல. மைக் பிடிச்ச பூசாரி. கோயிலுக்குள்ள அம்மன், ரெண்டடி. தியேட்டர் வாசல்ல நடிகர், நாப்பதடி.

யாருக்கும் பேர் எழுதல. வீட்டுக்காரர் பேரை நான் வாயால சொன்னதில்ல. அவரும் அந்த நடிகர் பேரைச் சொல்ல மாட்டாரு. அவ்ளோ மரியாதை.

நாங்க மூலக்குளம். நான் சேதராப்பட்டுல ஒரு கம்பெனியில அட்டைப்பெட்டி மடிக்கிறேன். அவரு பெயின்டர். சாரத்துலேர்ந்து வழுக்கி முட்டி போச்சு. ஆபரேசன் ஆச்சு. தடி வந்துச்சு. டாக்டர் தினம் காலை மடக்கிப் பழகச் சொன்னாரு. இவரு மடக்கல. பயம். ஆறு மாசம் காலை நீட்டிக்கிட்டேதான் சோறு தின்னாரு.

முட்டி மடங்கினா போதும், ஆடியில பால்குடம் எடுக்கிறேன்னு அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். அப்புறம் யோசிச்சேன். மடங்கற வரைக்கும் காத்திருந்தா ஆடி போயிடும். முன்னாடியே எடுத்துடுவோம், அம்மன் பாத்துக்கட்டும்னு விட்டேன்.

அதே வெள்ளிக்கிழமை நடிகர் படமும் வந்துச்சு.

எங்க பக்கத்துல முதல் நாள் முதல் குடம் பால் இவருதான் ஊத்துவாரு. கல்யாணத்துக்கு முந்தியிலேர்ந்தே. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப மேலெல்லாம் பால் வாசனை. கட்அவுட்டுக்கு ஊத்திட்டு நேரா வந்திருக்காரு. மாப்பிள்ளை நெறைய மாடு வெச்சிருக்காரு போலன்னு எங்கப்பா நெனச்சுட்டாரு. உடனே சரின்னுட்டாரு.

காலையில நான் மஞ்சப் புடவை. அவரு வெள்ளைச் சட்டை.

"எங்க?"

"தியேட்டருக்கு."

"முட்டி?"

"கீழ நின்னு பாப்பேன்."

பொய்னு தெரியும். விரதம் இருந்ததால சண்டை போடல.

குடத்துல பாலை ஊத்தி, வாயை மஞ்சத் துணியால கட்டி, வேப்பிலை சொருகினேன். இந்தக் குடத்தைக் கீழ வெக்கக் கூடாது. தலையிலேர்ந்து நேரா அம்மன் தலைக்குப் போகணும். நூத்தியெட்டு குடம்னு நோட்டீஸ் அடிச்சாச்சு. பூசாரி கறாரு. நூத்தியெட்டும் ஊத்தினாத்தான் கற்பூரம் காட்டுவாரு.

மேளக்காரங்க கோயில்லயும் அட்வான்ஸ் வாங்கிட்டாங்க, மன்றத்துலயும் வாங்கிட்டாங்க. பாதிப்பேர் எங்க முன்னாடி. பாதிப்பேர் கட்அவுட் அடியில. ஊர்வலம் தியேட்டர்கிட்ட வந்ததும் ரெண்டு பாதியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து சிரிச்சுக்கிட்டு சேந்து அடிச்சாங்க. பிளாட்பாரத்துல நின்ன சைக்கிள் மணியெல்லாம் அதிருது.

நிமிந்து பாத்தேன். ஏணியில என் வீட்டுக்காரர். தடியை முதுகுல சொருகி, நல்ல காலை வெச்சு, கெட்ட காலை இழுத்துக்கிட்டு, பல்லி மாதிரி போறாரு.

மன்றத் தலைவர் கீழேர்ந்து கத்துறான். "பெருசு, எறங்கு! விழுந்தா மன்றத்துக்குக் கெட்ட பேரு!"

"விழுந்தா அவரு மேலதான்டா விழுவேன்! உங்கப்பன் டவுசர் போட்டப்பவே ஊத்தினவன் நான். குடத்தை அனுப்பு!"

உச்சியில போய் நடிகர் காது பக்கத்துல பலகையில உக்காந்தாரு. அங்கயும் கால் நீட்டித்தான்.

எனக்குக் கோவம் வரணும். சிரிப்பு வந்துச்சு. அதே நேரம் அண்ணிக்குச் சாமி வந்துடுச்சு.

அண்ணி ஆடினாங்க பாருங்க. தலையில இருக்கற குடம் இப்படிச் சாயுது, அப்படிச் சாயுது. அதைப் பிடிக்க எனக்கு ரெண்டு கையும் வேணும். பக்கத்துல ஒரு கை நீண்டுது. "கொஞ்சம் பிடிப்பா"ன்னு என் குடத்தைக் குடுத்தேன்.

அது ஏணிக்கு மாலை, கற்பூரம்லாம் கை மாத்தி விட்டுக்கிட்டு இருந்த கை. என் குடத்தையும் மாத்தி விட்டுடுச்சு. ஒரு கை, இன்னொரு கை. மஞ்சத் துணி எந்தக் கையில அவுந்துச்சோ. நான் அண்ணியைப் பிடிச்சு நிறுத்திட்டுத் திரும்பறதுக்குள்ள குடம் நடிகர் தலைக்கு மேல.

பால் நெத்தியில இறங்கி, மூக்குல பிரிஞ்சு, சிரிக்கிற வாய்க்குள்ள போச்சு. கூலிங்கிளாஸ்ல பச்சையா என்னமோ ஒட்டிச்சு.

வேப்பிலை.

"ஐயோ! அது அம்மன் பாலு!"

மேளம் நின்னுச்சு. விசில் நின்னுச்சு. அண்ணிக்கு வந்த சாமி இறங்கிடுச்சு. "இன்னாடி ஆச்சு?"ன்னு சாதாரணமாக் கேட்டாங்க.

அவரு மேலேர்ந்து குடத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "உன்னுதா?"

"என்னுதுதான்!"

"எதுக்கு வேண்டினது?"

"உங்க முட்டிக்கு!"

நாப்பதடிக்கு மேல அவரு மூஞ்சி சுருங்கினது எனக்குத் தெரிஞ்சுது. இறங்க ஆரம்பிச்சாரு. நல்ல கால், கெட்ட கால்னு பாக்கல. தபதபன்னு இறங்கினாரு. நான் வாயைத் திறக்கல. சொன்னா நின்னுடுவாரு.

மன்றத்தோட குடம் தலைவன் இடுப்புல இருந்துச்சு. நடிகர் போட்டோ ஒட்டியிருந்துச்சு. இவரு போய் அதைப் பிடிச்சாரு. அவன் கட்டிப் பிடிச்சுக்கிட்டான்.

"இது அவருக்கு வாங்கின பாலு!"

"அவருதான் குடிச்சுட்டாரேடா!"

அண்ணி அவன் பக்கத்துல போனாங்க. "குடுக்கிறியா, நான் மறுபடி ஆடவா?"

குடுத்துட்டான்.

என் தலையில வெச்சாங்க. வேப்பிலைய அண்ணி தன் குடத்துலேர்ந்து பிச்சு சொருகினாங்க. நான் ஓடினேன். அண்ணி, அவரு, தலைவன், மன்றத்துப் பசங்க மொத்தமும் பின்னாடியே ஓடி வந்தாங்க. அவங்க பாலாச்சே, விடுவாங்களா.

கோயில்ல மத்தவங்க ஊத்திட்டாங்க. பூசாரி கற்பூரத் தட்டோட நிக்கிறாரு. மைக்ல, "ரெண்டு குடம் வரணும். யாரும்மா அது? அம்மன் காத்திருக்கா." அண்ணியோட குடத்தைப் பூசாரி வாங்கி ஊத்தினாரு. அடுத்தது என்னுது. போட்டோவைப் பாத்தாரு.

"இது யாரு?"

அண்ணி சொன்னாங்க, "வழித்துணைக்கு வந்தாரு."

"சரி, குடு."

பால் அம்மன் நெத்தியில இறங்கி, மூக்குல பிரிஞ்சு, வாய்கிட்ட வந்துச்சு. அவளும் சிரிக்கிற மாதிரிதான் இருந்தா. அங்க ஃபிளெக்ஸ், இங்க கல்லு. பாலுக்கு ரெண்டும் ஒரே வழிதான் போல.

பழக்க தோசத்துல பசங்க விசில் அடிச்சுட்டாங்க. பூசாரி முறைச்சாரு. "விசில் வேணாம். கை தட்டிக்கோங்க"ன்னாரு. தட்டினாங்க பாருங்க, மணிச் சத்தம் கேக்கல.

"தடி எங்க?"ன்னேன் இவருகிட்ட.

"மேல. அவரு கையில மாட்டிட்டு வந்துட்டேன்."

சொல்லிட்டு, அம்மன் முன்னாடி சடக்குன்னு முட்டி போட்டாரு. ரெண்டு முட்டியும். போட்டப்புறம்தான் அவருக்கே தெரிஞ்சுது. திரும்பி என்னைப் பாத்தாரு. நான் வேற பக்கம் பாத்துக்கிட்டேன், சிரிப்பு தாங்கல.

பூசாரி கற்பூரம் ஏத்தினாரு. மைக்கை வாய்கிட்ட வெச்சுச் சொன்னாரு.

நூத்தியெட்டு.