திருவிழாவுக்கு மட்டும் அனுமதி

பள்ளி இறுதிப் பரீட்சையில் நான்தான் வகுப்பில் முதல் ஆள். தற்பெருமைதான், அதற்கென்ன? ஆனால் அகதியாக வந்த என்னிடம் இருந்தது விசா இல்லை, டுல்டுங். ‘உன்னை இன்னும் நாடு கடத்தவில்லை, பொறுத்துக்கொண்டிருக்கிறோம்’ என்று சொல்லும் தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முத்திரை. அதை வைத்திருப்பவளுக்கு அரசாங்கப் படிப்புதவி கிடையாது. வேலை செய்யத் தடை. மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

ஒரே ஒரு அறக்கட்டளை டோர்ட்முண்டில் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. கிடைத்தால் பல்கலைக்கழகம். இல்லாவிட்டால் வீட்டில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

வெளிநாட்டவர் அலுவலகத்து அம்மணி அழைப்புக் கடிதத்தை வாசித்துவிட்டு, இங்கே இருப்பதே நிச்சயமில்லாத ஆளுக்குப் படிப்புக்காகப் பயணம் எதற்கு என்று மிக மரியாதையாகக் கேட்டாள். சீட்டு இல்லை.

திரும்பும் பேருந்தில் அம்மாவுக்குச் சிரிப்பு.

“விசரி! ஆரடி உன்னை உண்மை எழுதச் சொன்னது? டோர்ட்முண்டுக்குப் பக்கத்திலை ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவுக்கெண்டு எழுது. எங்கடை சனம் பொம்பிளை பாக்கப் போறதும் அப்பிடித்தானே!”

எழுதினேன். அதே அம்மணி, அதே மேசை. ஐந்து நிமிடத்தில் மூன்று நாளுக்குச் சீட்டு. மதச் சுதந்திரமாம். கும்பிடலாம், படிக்கக் கூடாது. என்ன மூளை!

“அம்மாளின்ரை பேரிலை வாங்கின சீட்டு. முதல் கோயில், பிறகுதான் மற்றது” என்றார் அம்மா.

“பதினொரு மணிக்கு இன்டர்வியூ, அம்மா!”

“அவ பாத்துக்கொள்ளுவா. நட.”

சனிக்கிழமை, நெற்றி நிறையத் திருநீறும் குங்குமமுமாக டோர்ட்முண்டில் மூன்று பேருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். மூவரும் மாறி மாறித் தலையாட்டினார்கள். கடைசியில்தான் அவர்களில் மொட்டைத் தலையர் வதிவிட அனுமதியைக் கேட்டார். டுல்டுங்கை நீட்டினேன். ஈரத் துணி மாதிரி நுனியில் பிடித்துப் பார்த்தார். இது மூன்று மாதத் தாள், எங்கள் உதவியோ மூன்று வருடத்துக்கு, வதிவிட உரிமை கிடைத்ததும் வாருங்கள் என்றார். அந்த உரிமையைக் கேட்டுப் போனால், அலுவலகம் படிப்பையோ வேலையையோ காட்டச் சொல்லும். இவர்கள் எல்லாம் படித்தவர்கள்!

வெளியே வாங்கில் அம்மா கோயிலில் கொடுத்த சர்க்கரைப் புக்கைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“என்னவாம்?”

“விசா கேக்கினம்.”

“அம்மாள் கேக்கேல்லையே!”

“அம்மாளிட்டை யூனிவேர்சிற்றி இல்லையே, அம்மா.”

சீட்டில் இன்னும் ஒரு நாள் மிச்சம் இருந்தது. ஞாயிறு போய்த் தேர் பார்த்தேன். அந்த நாட்டில் எனக்கு முறைப்படி அனுமதிக்கப்பட்ட ஒரே காரியம் அதுதானே.