வில்லுக்குப் பிடுங்கிய கதியால்

சின்ன வயதில் எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து எங்கள் ஊரான தோட்டவெளிக்குத் திரும்பி வந்த முதல் வருடம், கோயில் திருநாளுக்கு, விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சி ஒருவரின் நாடகம் போட்டார்கள். அவர்மேல் அம்பு எய்யும் சேவகர்களுக்குப் பெடியன்கள் போதாமல் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். வில்லை அவரவர்தான் கொண்டுவர வேண்டும்.

"பூவரசுதான் நல்லம் பிள்ளை. நகத்தால சுரண்டிப் பார். பச்சை தெரிஞ்சால் வளையும், காய்ஞ்சதெண்டால் முறியும்" என்றார் சித்தப்பா. சனிக்கிழமை வந்து வெட்டித் தருவதாகச் சொல்லிவிட்டு அடம்பனுக்கு பஸ் ஏறிவிட்டார். அன்று செவ்வாய்க்கிழமை. சனி வரைக்கும் யார் இருப்பது?

வீட்டிலும் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு ஊரிலேயே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முகாமுக்கே திரும்ப வேண்டும்; அவருடைய ஒரே அக்கா அங்கேதான். தினமும் சண்டை பிடித்துக் களைத்து, வேலிக்கு வெட்டி நட்ட பூவரசங் கிளைகளான கதியால்களிடம் தீர்ப்பை விட்டார்கள். திருநாளுக்குள் ஒன்றாவது வேர் பிடித்தால் இருப்பது, இல்லாவிட்டால் போவது. மழை ஏமாற்றிவிட்டது. ஒரு கதியாலிலும் தளிர் இல்லை. அம்மா பெட்டி அடுக்கத் தொடங்கியிருந்தார்.

எனக்கு வில்தான் பெரிது. கதியால்களை வரிசையாகச் சுரண்டிக்கொண்டு போனேன். எல்லாம் காய்ந்த கட்டை. மூலையில் நின்ற மெல்லியது மட்டும் பட்டைக்குள் பச்சையாக இருந்தது. ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். அடியில் வெள்ளை வெள்ளையாக வேர்கள். வில்லுக்கு வேர் எதற்கு? அடிக்கட்டையோடு வெட்டி எறிந்துவிட்டேன்.

அம்மா கண்டுவிட்டார். "இது எந்தக் கதியால்?"

"மூலையில நிண்டது."

"வேரோடயோ புடுங்கினனீ?"

"ஓம்."

அடிக்குக் காத்து முதுகை வளைத்துக்கொண்டு நின்றேன். அம்மா நான் எறிந்த வேர்த்துண்டை எடுத்துக் கையில் வைத்தபடி மணலில் உட்கார்ந்தவர்தான், வெகுநேரம் எழும்பவில்லை. அடிப்பதென்றால் அடித்துவிட்டுப் போகலாமே என்று எரிச்சலாக வந்தது. எனக்கு நாண் கட்டுகிற வேலை மிச்சம் இருந்தது.

அப்பா மீன்பிடித்துவிட்டுக் கடலால் வந்ததும் அம்மா கையிலிருந்த வேர்த்துண்டைக் காட்டினார். "ஒண்டு பிடிச்சிருக்கு. வேற கதியால் வெட்டி நடுங்கோ." பிறகு உள்ளே போய்ப் பெட்டியிலிருந்த உடுப்புகளை எடுத்துக் கொடியில் போட்டார்.

அடி விழாமல் தப்பியதில் எனக்கு ஒரே சந்தோஷம். நாடகத்தில் என் அம்புதான் ஆகத் தூரம் போனது.

பல வருடங்களுக்குப் பிறகு, பெரியம்மா முகாமிலேயே இறந்துபோனார் என்று போன் வந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த வேர்த்துண்டை அன்று அம்மா யாரும் காணாமல் மணலில் புதைத்துவிட்டு அக்காவிடம் போயிருக்கலாமே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.