ஒரு பக்கந்தானே!

ஜப்பானின் கிஃபு நகரத்தில் இசோயேவின் முழு முகத்தைப் பார்த்தவர் எவரும் இல்லை. தையல் கம்பெனியில் மிஷினை மிதிக்கும்போதும் முகமூடி, தெருவில் நடக்கும்போதும் முகமூடி. துணித்தூசி ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

முகமூடிக்குள் இடது கன்னம் உதட்டோரத்திலிருந்து காதுவரை கிழிந்து தைக்கப்பட்டிருந்தது. பக்கத்து ஊரான ஓகாக்கியில் விலாங்குமீன் கடை நடத்தும் புருஷன் தோராகிச்சி செய்த வேலை. மீன் கொண்டுவந்தவனைப் பார்த்துச் சிரித்துவிட்டாளாம். "இனி எவனைப் பார்த்துடி சிரிப்பே?" என்று மீன் அறுக்கிற கத்தியாலேயே இழுத்துவிட்டான், படுபாவி. ஊருக்குச் சொன்னது, "கண்ணாடிக் கதவுல விழுந்துட்டா." ஊரும் நம்பியது. அவன் சுடும் மீன் அத்தனை ருசியாயிற்றே! பெற்ற அப்பனே, "வெளியில சொல்லாதே, மானம் போயிடும்" என்று அவள் வாயை அடைத்தார். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டாள். ஆற்றில் விழுந்து செத்தாள் என்று ஓகாக்கியில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் செய்ததை அவன் வாயாலேயே, ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். அந்த நெருப்பு அணையவே இல்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் அந்தப் பேய்க்கதை கிளம்பியது. பக்கத்து மிஷின் மசுயோதான் கொண்டுவந்தாள்.

"இசோயேக்கா, கேட்டீங்களா? முகமூடி போட்ட பொம்பளை ஒருத்தி வந்து 'நான் அழகா'ன்னு கேப்பாளாம். அழகுன்னு சொன்னா முகமூடியைக் கழட்டுவாளாம். ரெண்டு காதுவரைக்கும் வாய் கிழிஞ்சிருக்குமாம்! சர்க்கரை மிட்டாயை வீசிட்டு ஓடினாத்தான் தப்பிக்கலாமாம். உங்களை மிட்டாயாலயே அடிக்கப் போறாங்க, பாத்துக்கோங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். இசோயே சிரிக்கவில்லை.

"ரெண்டு பக்கமுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓகாக்கிக்கு ரயிலேறினாள். ஸ்டேஷன் கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று, வலது கன்னத்தில் லிப்ஸ்டிக்கால் காதுவரை இழுத்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரம், கடை நிறைந்திருந்தது. தோராகிச்சி தலை நரைத்து, கரியடுப்பை விசிறிக்கொண்டிருந்தான். கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு பை மிட்டாய். பேய்க்கதைக்குப் பயந்த ஊரைக் கேலி செய்தவன்தான், ஆனாலும் வாங்கி வைத்திருந்தான்!

"நான் அழகா?"

"அழகுதாம்மா, உக்காருங்க" என்றான் நிமிராமலே. வியாபாரி வாய்.

முகமூடியைக் கழற்றினாள். அவன் நிமிர்ந்தான். விசிறி அடுப்பில் விழுந்தது. மிட்டாயை வாரி வீசினான், பேயை விரட்டும் என்று உப்புக் கிண்ணத்தையும் வீசினான். அவள் நகரவில்லை.

"இசோயே! நீதான் செத்துட்டியேடி! ஐயோ, ரெண்டு பக்கமும் நான் கிழிக்கலடி! ஒரு பக்கந்தானே! இடது பக்கந்தானே கிழிச்சேன்!"

கடை முழுக்க சாப்பாட்டுக் குச்சிகள் நின்றன.

"கண்ணாடிக் கதவுன்னியேடா?" என்றார் நெடுநாள் வாடிக்கைக்காரர் ஒருவர்.

இசோயே மேசையிலிருந்த ஈரத்துண்டை எடுத்து வலது கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். சாயம் போய், வழுவழுப்பான கன்னம் தெரிந்தது.

"ஆமா, ஒரு பக்கந்தான். எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"

ஒருவர் பின் ஒருவராக, பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து வாசலுக்குப் போனார்கள். தோராகிச்சி அடுப்போரம் சரிந்து கிடந்தான். இசோயே கீழே கிடந்த மிட்டாய் ஒன்றைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்ற அத்தனை ஆண்களையும் பார்த்து, நன்றாகச் சிரித்தாள்.