தண்ணீருக்கு ஏற்ற தையல்

தெற்குமாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எனக்குத் தையல் கடை இருக்கிறது. ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை, இவைதான் என் வேலை. போன வருடம் கோடை தொடங்குவதற்குச் சற்று முன்னால், வழக்கமாக என்னிடம் தைக்கக் கொடுக்கும் ஒரு பெண் கடைக்கு வந்தாள். காஜிமார் தெருப் பக்கம் வீடு. வீட்டிலேயே மசாலாப் பொடிகள் அரைத்து விற்பவள். அன்று அவள் கையில் துணி எதுவும் இல்லை.

"அக்கா, நீச்சல் அடிக்கும்போது போட்டுக்கிற மாதிரி உடுப்பு தைப்பீங்களா? கையும் காலும் முழுசா மூடணும். ஆனா தண்ணில பாரமா இழுக்கக் கூடாது."

"யாருக்கு?"

"எங்க தெருப் பொம்பளப் பிள்ளைகளுக்கு."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவளுடைய தங்கை மகள், முந்தைய வருடம் சோழவந்தானுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் வைகையில் மூழ்கி இறந்துபோனாள். மணல் அள்ளிய குழி ஒன்று தண்ணீருக்கடியில் இருந்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் கடைசிப் பெருநாள் உடுப்பை நான்தான் தைத்தேன். கழுத்து அகலமாக வேண்டும் என்று அடம்பிடித்துத் தைக்க வைத்தவள்.

கடைக்கு வந்தவளே தொடர்ந்து சொன்னாள். "வருசம் திரும்புதுல்ல, ஏழைகளுக்குச் சோறாக்கிப் போடுவோம்னு தெருவுல எல்லாரும் காசு குடுத்தாங்க. அதுவும் சதகாதான், நல்ல தர்மந்தான். ஆனா அவ தண்ணில போனாக்கா. அவ பேர்ல குடுக்குறது தண்ணிக்கே போகட்டும்னு தோணுச்சு."

அந்தக் காசில் தெருப் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். அவளுக்குக் கறிவேப்பிலை கொண்டுவந்து போடும் அலங்காநல்லூர் விவசாயி, தன் தோப்பில் இருக்கிற பெரிய சிமெண்டுத் தொட்டியைத் தருவதாகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண், கோடை விடுமுறையில் கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். மிதவைச் சட்டைகளை ஒரு பாத்திரக் கடைக்காரர் வாங்கித் தந்தார், ஒவ்வொன்றிலும் தன் தகப்பனார் பெயரை அச்சடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

"தண்ணிக்குள்ள யாரு வாசிக்கப் போறா?" என்று கேட்டேன்.

"கரையில நிக்கிறவங்க வாசிப்பாங்களாம்," என்று அவள் சிரித்தாள்.

மிச்சமிருந்த தடை உடுப்புதான். கடையில் விற்கும் நீச்சலுடைக்கு வீடுகளில் சம்மதிக்கவில்லை. சுடிதாரோடு இறங்கினால் காலைச் சுற்றும் என்று ஆசிரியை மறுத்துவிட்டார். தையல் கூலி வேண்டாம், அது என் பங்கு என்று சொன்னேன். நல்ல மனசு என்று அவள் நினைத்திருப்பாள். உண்மையில் எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. துணி சுருங்குமா, சாயம் போகுமா என்று மட்டும்தான் இத்தனை காலம் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு ஆளோடு தண்ணீரில் இறங்கும் துணி என்ன செய்யும்? எனக்குத் தெரியவில்லை. நான் கீழக்குயில்குடியில் பிறந்தவள். அங்கே கிணற்றில் குதித்தவர்கள் எல்லாம் ஆண்பிள்ளைகள். நாங்கள் மேலே நின்று துணி துவைத்தோம். முழங்காலுக்கு மேல் தண்ணீரை நான் அறிந்ததே இல்லை.

மாடியில் ஒரு பெரிய தொட்டியை வைத்து ஆரம்பித்தேன். ஒரே அளவில் வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்தேன். பருத்தி குடித்துக்கொண்டே இருந்தது. ரேயான் செத்த மீன் மாதிரிக் கையில் தொங்கியது. குடைத் துணி தண்ணீரை ஏற்கவே மறுத்தது. "கீழ கஸ்டமர் நிக்கிறாங்க, நீ இங்க துணிய முக்கிக்கிட்டிருக்க" என்று என் கணவர் வந்து சத்தம் போட்டுவிட்டு, அவரும் உட்கார்ந்து ஒரு துண்டைப் பிழிந்து பார்த்தார்.

விளக்குத்தூண் பக்கம் நான் துணி எடுக்கும் கடையில் போய்க் கேட்டேன். "தண்ணிக்குள்ள போட்டுக்கிற மாதிரித் துணி வேணும் அண்ணே."

"இதப் பாருங்க, சாயமே போகாது."

"சாயத்தக் கேக்கல. ஆள் போயிரக் கூடாது."

கடைக்காரர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். விஷயத்தைச் சொன்னேன். பிறகு உள்ளே போய்ப் பல வகைத் துணிகளை எடுத்துவந்து போட்டார். எது சரிப்படுகிறதோ, வேண்டிய அளவுக்கு அது தன் செலவு என்றார்.

முதலில் குடைத் துணி போன்ற மெல்லிய நைலானில்தான் ஒன்று தைத்தேன். உடம்பு தெரியக் கூடாது என்று தாராளமாக விட்டு, கணுக்காலில் எலாஸ்டிக் வைத்தேன். என் அளவுக்கே தைத்தேன். நான் போட்டுப் பார்க்காத எதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அலங்காநல்லூர் பஸ் ஏறினோம். நான், அவள், ஆசிரியை. பிள்ளையைப் பறிகொடுத்த தங்கையும் வந்தாள். அவளாகவே வாரேன் என்று சொன்னாளாம். தோப்பில் இறங்கியதும் தொட்டிக்கு எவ்வளவு தூரத்தில் உட்கார முடியுமோ அவ்வளவு தூரத்தில் ஒரு தென்னை அடியில் உட்கார்ந்துகொண்டாள். விவசாயி, "நான் வரப்புப் பக்கம் போறேன். ஒரு ஆம்பள இந்தப் பக்கம் வர மாட்டான். எம்புட்டு நேரம்னாலும் இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீர் என் மார்பளவுதான். இறங்கியதும் உடம்பு லேசாகிப்போன விதம் எனக்கு அதிசயமாக இருந்தது. கையை விரித்து அசைத்துப் பார்த்தேன். துணி ஒட்டவில்லை, இழுக்கவில்லை. சரியாகத்தான் தைத்திருக்கிறோம் என்று சந்தோஷப்பட்டேன். கால் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க முன்னால் குனிந்தேன்.

உடுப்பின் காலுக்குள் அடைபட்டிருந்த காற்று முழுவதும் கணுக்காலுக்கு ஓடியது. இரண்டு கால்களும் பலூன் மாதிரி மேலே கிளம்பின. தலை கீழே போய்விட்டது. தரை இருக்கிறது, எனக்குத் தெரியும், ஆனால் காலைக் கீழே கொண்டுபோக முடியவில்லை. முகம் ஒரு முறை மேலே வந்தது, மறுபடி போனது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஆசிரியை என் தோளைப் பற்றிப் புரட்டித் தூக்கினார்.

இருமி முடித்துக் கண்ணைத் திறந்தபோது, தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தங்கை நின்றிருந்தாள். எப்போது ஓடி வந்தாள் என்று தெரியவில்லை.

"ஏங்கக்கா கூப்பிடல? நாங்க இம்புட்டுப் பக்கத்துல நிக்கிறோம்ல. கத்தியிருக்கலாம்ல?"

"முடியல."

"பயந்துட்டீங்களா?"

யோசித்துப் பார்த்துச் சொன்னேன். "பயப்படக்கூட நேரம் இல்ல. வாயத் தொறந்தது மூச்சுக்குத்தான். அதுவே கெடைக்கல. கைய மேல தூக்கணும்னு கூடத் தோணல. தண்ணிய அமுக்கி அமுக்கி மேல வரத்தான் பார்த்தேன்."

"சத்தமே வரலையா?"

"வரல."

ஆசிரியையும் சொன்னார். "யாராலயும் முடியாதும்மா. மூச்சு இருந்தாத்தான் சத்தம். சினிமாவுல கத்துவாங்க, நெசத்துல சத்தமில்லாமத்தான் போவாங்க."

தங்கை சிமெண்டுச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் சொன்னாள். அன்று ஆற்றில் அவள் மகளுக்கு அருகிலேயே நின்றது அவளுடைய நாத்தனார் மகள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வயது. ஒரு சத்தமும் கேட்கவில்லை மாமி, திரும்பிப் பார்த்தேன், ஆளைக் காணோம் என்று அந்தப் பிள்ளை எல்லோரிடமும் அழுது சொல்லியிருக்கிறது. இவள் நம்பவில்லை. ஏதோ விளையாட்டில் தள்ளிவிட்டு மறைக்கிறாள் என்று நினைத்திருக்கிறாள். அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"கூப்பிட்டிருப்பா, எம்மக என்னையக் கூப்பிட்டிருப்பான்னுதான் தெனம் நெனச்சேன்," என்றாள். அவளுடைய அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் சொட்டச் சொட்ட நின்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் கணுக்காலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த உடுப்பை, விளையாட்டு வீரர்களின் பேண்டுக்குப் போடுகிற இழுபடும் துணியில் தைத்தேன். கால் உடம்போடு ஒட்டியிருக்கும். அதற்கு மேல் தொடை வரைக்கும் ஒரு மேல்சட்டை, இரண்டு பக்கமும் வெட்டு. காற்றும் தண்ணீரும் தங்காமல் ஓட விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, ஓரம் அடித்தேன். மறுபடி தொட்டியில் இறங்கினேன், இந்த முறை ஆசிரியையின் கையைப் பிடித்தபடி. குனிந்தேன். கால் தரையிலேயே நின்றது.

பிள்ளைகளுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த நாட்களில் தங்கை கடைக்கு வந்தாள். கூடவே நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பிள்ளை, தலையைக் குனிந்தபடி.

"எங்க நாத்தனார் மகக்கா. இவளுக்கும் ஒண்ணு தைங்க."

நான் அளவெடுத்து முடிக்கும்வரை அந்தப் பிள்ளையின் தோளிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. தோள் அளவை அப்படியே கையோடு சேர்த்து எடுக்க வேண்டியிருந்தது.

மே மாதம் முழுக்கக் காலை நேரங்களில் வகுப்பு நடந்தது. முடிந்தபோதெல்லாம் நானும் போனேன். நீந்துவதற்கு முன்னால் மிதக்கக் கற்றுக்கொடுத்தார் ஆசிரியை. யாராவது மூழ்கினால் குதிக்காதே, கயிறு கட்டிய காலிக் கேனை வீசு என்று திரும்பத் திரும்பப் பழக்கினார். அந்த நெடுநெடுப் பிள்ளை முதல் வாரம் தண்ணீரில் இறங்கவில்லை. கேனை வீசுவதில் மட்டும் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒரு நாள் தங்கை என்னிடம் நான் போட்டுப் பார்த்த உடுப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் தொட்டிக்குள் இறங்கி நின்றாள். பற்கள் கிடுகிடுத்தன. "வாடி, குளுருது, சீக்கிரம் வா" என்றாள். அந்தப் பிள்ளை இறங்கியது.

வகுப்பு முடியப் போகும் நேரத்தில் ஆசிரியை, நாளைக்கு எல்லாரும் வீட்டு உடுப்போடு இறங்க வேண்டும் என்று அறிவித்தார். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

"அப்ப நான் எதுக்கு மெனக்கெட்டுத் தச்சேன்?"

"கத்துக்கிறதுக்கு உங்க உடுப்பு வேணும்க்கா. ஆனா நீச்சலுடை போட்டுக்கிட்டு யாரும் தவறி விழ மாட்டாங்கள்ல?"

சிரித்துவிட்டேன். மறுநாள் சுடிதாரும் பாவாடையுமாகப் பிள்ளைகள் மல்லாந்து மிதந்தார்கள். துணி இழுத்தது. பதறாமல் கிடந்தார்கள்.

இந்த வருடம் வேறு இரண்டு தெருக்களிலிருந்து கேட்டிருக்கிறார்கள். பாத்திரக் கடைக்காரர் இன்னும் மிதவைச் சட்டைகள் தருகிறார், இந்த முறை தாயார் பெயரில். நேற்று ஒரு பிள்ளைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். கூட வந்த அம்மா, ஐம்பதை ஒட்டியவர், சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"என் அளவுக்குத் தச்சா நல்லாவா இருக்கும்?"

"கைய விரிங்க," என்றேன்.